தகடூர்த் தூதும் ஓசூர் உத்தியோகமும்

சென்ற பருவத்தில் ஒருநாள் வகுப்பு முடிந்த பின்னர், ஓசூரிலிருந்து வந்து நம் கல்லூரியிற் பயிலும் மாணவி ஒருத்தி என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். அவள் கையில் அன்றைய செய்தித்தாள் இருந்தது. ஆப்கானிஸ்தானத்திலே மந்திரிகளாகவும் கவர்னர்களாகவும் அயல்நாட்டுத் தூதர்களாகவும் விளங்கிய பெண்மணிகள், 2021ஆம் ஆண்டில் ஆட்சி மாறியவுடன் தம் பதவிகளை இழந்த வரலாறு அதில் வெளிவந்திருந்தது. "ஐயா, பெண்களுக்குக் கொடுத்த பதவிகளை இப்படி ஒரேயடியாகத் திரும்ப வாங்கிக்கொள்ள முடியுமா? நம் நாட்டிலும் அவ்வாறு நேருமா?" என்று அவள் வினவினாள்.

"நம் நாட்டில் அரசியலமைப்புச் சட்டம் இருக்கின்றது, அஞ்சவேண்டா" என்று சொல்லி அவளை அனுப்பிவிட்டேன். அவளும் வணங்கிச் சென்றாள். ஆனால் அவ்விடை எனக்கே நிறைவளிக்கவில்லை. பின்னர் இப்பொருளைச் சிறிது ஆராய்ந்தபொழுது, நான் கூறியது பாதி உண்மையே என்பது புலனாயிற்று. மற்றைப் பாதியை அம்மாணவியின் சொந்த ஊராகிய ஓசூரே நமக்குக் கற்பிக்கின்றது என்பதையும் அறிந்தேன். அவளுக்கு அன்று நான் சொல்லத் தவறியதை, அவளைப் போன்ற ஏனை மாணவ மாணவியரும் அறியும்பொருட்டு ஈண்டு எழுதத் துணிந்தேன்.

முதலில் மிகப் பழைய செய்தி ஒன்றை நோக்குவோம். ஓசூரும் கிருஷ்ணகிரியும் 2004ஆம் ஆண்டு வரையில் தருமபுரி மாவட்டத்தைச் சேர்ந்திருந்தன என்பதை யாவரும் அறிவர். அத் தருமபுரியே சங்க நூல்கள் பாராட்டும் தகடூர். அதனை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சிக்கும் காஞ்சியையாண்ட தொண்டைமானுக்கும் பகை மூண்ட காலத்தில், அதியமான் தன் பொருட்டுத் தூது செல்லுமாறு வேண்டியது ஔவையாரையே. தொண்டைமான் தன் படைக்கலச் சாலையை அவருக்குக் காட்டிப் பெருமை கொண்டான். அங்கே கருவிகள் யாவும் நெய் பூசி, மாலை சூட்டி, புதுமை குன்றாமல் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. ஔவையார் அவற்றைப் புகழ்வார் போன்று, தம் அரசனுடைய படைக்கலங்களோ போரிற் சிதைந்து கொல்லனது உலைக்களத்திற் கிடக்கின்றன என்றார். பளபளக்கும் வேல் போர் காணாத வேல் என்பது அதன் உட்பொருள். இச்செய்தி புறநானூற்றின் 95ஆம் பாட்டாலும் அதன் அடிக்குறிப்பாலும் விளங்கும்.

இதிலிருந்து நாம் உணர்வது யாது? பகைவனது அவையில் அஞ்சாது நிற்றல், அவன் மனம் புண்படாதவாறு பேசுதல், பேசிய சொல்லாலேயே அவன் செருக்கை அடக்குதல் ஆகிய தூதிலக்கணம் முழுவதும் ஒரு பெண்மணியிடம் நிறைந்திருந்தது. ஆகவே, பெண்டிர்க்கு அரசியற் காரியங்களிலே தகுதியுண்டா என்னும் வினா தமிழ்நாட்டில் எழுவதற்கே இடமில்லை. ஆயினும், ஔவையாரின் தூது ஓர் அரசனுடைய நட்பின்மேல் நின்றது. நிலைபெற்ற ஒரு பதவியின்மேல் நின்றதன்று. அதியமான் வேண்டினான்; ஔவையார் சென்றார். அவருக்குப் பின் வரும் பெண்ணொருத்தி, "அப்பணி எனக்கும் உரியது" என்று கேட்பதற்கு அங்கே விதியொன்றும் இல்லை. தகுதி மட்டும் இருந்தாற் போதாது என்பதே நாம் கற்கும் முதற் பாடம்.

இனி அண்மைக் காலத்துக்கு வருவோம். இந்திய மாகாணங்களுள் பெண்களுக்கு முதன்முதல் வாக்குரிமை அளிக்கத் தீர்மானித்தது சென்னை மாகாணச் சட்டசபை. அது 1921இல் நிகழ்ந்தது. புதுக்கோட்டையிற் பிறந்து, 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியிலே பட்டம் பெற்ற டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார், 1926இல் அச்சபைக்கு நியமனம் பெற்று, அடுத்த ஆண்டில் அதன் உபதலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். சட்டம் இயற்றும் மன்றத்திற்குள் பெண்மணிகள் இவ்வாறு புகுந்தனர். ஆனால், இயற்றிய சட்டத்தை ஊர்தோறும் சென்று நடத்தும் உத்தியோகமும், அயல்நாடுகளில் நம் அரசாங்கத்தின் பெயரால் பேசும் உத்தியோகமும் நாடு விடுதலை பெறும் வரையில் ஆடவர்க்கே உரியனவாயிருந்தன. அவ்விரு வாயில்களையும் முதன்முதல் தட்டிய பெண்மணிகள் இருவர். ஒருவர் அன்னா ராஜம் ஜார்ஜ், மற்றொருவர் சோ. பெ. முத்தம்மா என்று தமிழில் எழுதத்தக்க குடகு நாட்டு அம்மையார். இருவரும் மிஷன் கல்லூரிகளிற் பயின்றவர்கள் என்பது நம்மனோர்க்கு மகிழ்ச்சி தரும் செய்தியாகும்.

அன்னா ராஜம் அம்மையார் 1927இல் மலையாள நாட்டிலுள்ள நிரணம் என்னும் ஊரிற் பிறந்து, கோழிக்கோட்டில் வளர்ந்தார். அங்குள்ள மலபார் கிறிஸ்துவக் கல்லூரியில் பி.ஏ. பட்டம் பெற்று, பின் சென்னைக்கு வந்து ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. தேறினார். இந்திய ஆட்சிப் பணிக்குரிய பரீட்சை எழுதி நேர்முகத் தேர்வுக்குச் சென்றபொழுது, பழைய ஐ.சி.எஸ். உத்தியோகஸ்தர்கள் அமர்ந்திருந்த குழுவினர் அவருக்கு ஓர் அறிவுரை கூறினர். ஜில்லா நிர்வாகம் பெண்களுக்குப் பொருந்தாது; அயல்நாட்டுப் பணியோ மத்திய சர்க்காரின் வேறு பணிகளோ பெண்களுக்கு ஏற்றவை; ஆதலால் அவற்றை ஏற்றுக்கொள்க என்பதே அது. அம்மையார் இணங்கவில்லை. தாம் விரும்பிய ஆட்சிப் பணியையே வற்புறுத்திப் பெற்று, 1951இல் சென்னை மாகாணத்திற்கு வந்தார். சுதந்திர இந்தியாவில் ஆட்சிப் பணி ஏற்ற முதற் பெண்மணி அவரே.

அவருடைய நியமன உத்தரவில் ஒரு நிபந்தனை எழுதப்பட்டிருந்தது. திருமணம் செய்துகொள்வாராயின் அவருடைய உத்தியோகம் முடிவுறும் என்பதே அந்நிபந்தனை. இங்கே மாணவர்கள் சற்றே நின்று ஆண்டுகளை ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். அரசாங்க வேலைகளில் ஆண் பெண் என்ற காரணத்தால் வேற்றுமை காட்டலாகாது என்று கூறும் 16ஆம் விதியோடு நம் அரசியலமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1950ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் நாள். அம்மையார் பணியேற்றதோ அதற்கு அடுத்த ஆண்டு. ஒரே அரசாங்கத்தின் ஒரு கையில் சமத்துவம் என்ற சட்டம். மற்றொரு கையில் அதனை மறுக்கும் உத்தரவு. "சட்டம் இருக்கின்றது, அஞ்சவேண்டா" என்று நான் கூறிய விடை பாதி உண்மையே என்றது இதனாற்றான். சில ஆண்டுகளுக்குள் இந்நிபந்தனை மாற்றப்பட்டது.

சென்னைக்கு வந்த பின்னும் தடை நீங்கவில்லை. 1952 முதல் 1954 வரையில் இம்மாகாணத்தின் முதல் மந்திரியாக இருந்தவர் ராஜாஜி. ஓசூருக்கு அருகிலுள்ள தொரப்பள்ளியிற் பிறந்தவர் அவர். பெண்கள் இத்தகைய உத்தியோகங்களுக்கு வருவது அவருக்கு உடன்பாடாக இல்லை. ஜில்லாவிற்கு அனுப்பாது, செக்ரடேரியட்டிலேயே ஒரு வேலை தருவதாகக் கூறினார். அம்மையாரோ, தாம் குதிரையேற்றமும் துப்பாக்கிப் பயிற்சியும் பெற்றிருப்பதையும், உடன் பயின்ற ஆடவர்க்குத் தாம் எவ்வகையிலும் குறைந்தவரல்லர் என்பதையும் எடுத்துரைத்தார். இறுதியில் அவர் சப் கலெக்டராக நியமிக்கப்பட்ட இடம் ஓசூர். முதல் மந்திரி பிறந்த மண்ணிலேயே அவருடைய ஐயத்துக்கு விடை கிடைக்கவேண்டுமென்பது ஊழ் போலும்! ராஜாஜியின் பெருமை குறையாதவாறு மற்றொன்றையும் சொல்லவேண்டும். பின்னர்த் திருச்சிராப்பள்ளியில் நடந்த பொதுக்கூட்டம் ஒன்றில், முன்னேற்றமடைந்த பெண்மணிகளுக்கு எடுத்துக்காட்டாக அன்னா ராஜம் அம்மையாரையே அவர் சுட்டிப் பேசினார். தம் கருத்துத் தவறென்று கண்டபொழுது அதனைப் பலரறிய மாற்றிக்கொள்வது பெரியோர்க்கே இயலும்.

அக்காலத்து ஓசூர் இன்று நாம் காணும் ஓசூர் அன்று. தொழிற்பேட்டையும், மோட்டார் வண்டிகளும் கைக்கடிகாரங்களும் செய்யும் பெருந்தொழிற்சாலைகளும் பிற்காலத்தில் வந்தவை. அன்று அது சேலம் ஜில்லாவின் வடமேற்கு எல்லையிலிருந்த சிற்றூர். 1824 முதல் நடந்துவரும் கால்நடைப் பண்ணையும் குளிர்ந்த காற்றுமே அதன் புகழ். ஜூஜூவாடியைக் கடந்தால் மைசூர் ராஜ்யம். சந்தைக்குச் சென்றால் தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகிய மூன்று மொழிகளும் ஒருங்கே காதில் விழும். தேன்கனிக்கோட்டைப் பக்கத்து மலைக்காடுகளிலிருந்து யானைகள் இறங்கிக் கேழ்வரகுக் கொல்லைகளில் மேயும். இத்தகைய நாட்டிலே சப் கலெக்டரின் வேலை மேசைமுன் அமர்ந்து கையொப்பமிடுவதோடு முடிவதன்று. ஜமாபந்தியிற் கிராமக் கணக்குகளைப் பார்வையிடுதல், பட்டா வழக்குகளை விசாரித்தல், ஊர்ச் சண்டைகளைக் கலகமாக முற்றாதபடி தடுத்தல், மழை பொய்த்த ஆண்டிலே தீர்வை பற்றிய முறையீடுகளைக் கேட்டல் ஆகிய யாவும் அப்பதவிக்கு உரியன. ஒவ்வொரு சாராரும் தத்தம் மொழியில் தத்தம் நியாயத்தைக் கூற, அவற்றையெல்லாம் பொறுமையோடு கேட்டு, தோற்றவனும் "நியாயமே நடந்தது" என்று சொல்லும்படி தீர்ப்பளிக்கவேண்டும். இது தூதர் தொழிலுக்கு எவ்வகையில் தாழ்ந்தது? எல்லைப்புறத்து அதிகாரியும் ஒருவகைத் தூதரே.

யானைகள் ஊருக்குள் புகுந்து விளைவுகளை அழித்தபொழுது, அவற்றைக் கொல்ல மனம் இசையாத அம்மையார், அவற்றைக் காட்டுக்கே திருப்பியனுப்ப வழிசெய்தார் என்பர். மற்றொரு நிகழ்ச்சியை அவரே முதுமைக் காலத்தில் நினைவுகூர்ந்துள்ளார். ஒரு கிராமத்துக்கு அவர் குதிரைமீது சென்றிருந்தார். பெண் அதிகாரி வந்திருக்கிறாள் என்று கேள்வியுற்று அவ்வூர்ப் பெண்கள் அவரைக் காணக் கூடினர். அவர்களுள் ஒரு மூதாட்டி அம்மையாரைச் சுற்றி வந்து உற்று நோக்கிவிட்டு, இவளும் நம்மில் ஒருத்தியைப் போலத்தானே இருக்கிறாள் என்றாளாம். ஏதோ அதிசயப் பிறவியை எதிர்பார்த்து வந்த அம்மூதாட்டிக்கு அது ஏமாற்றமாக இருந்தது போலும். எனக்கோ, அன்னா ராஜம் அம்மையாருக்குப் பிற்காலத்திற் கிடைத்த பட்டங்கள் யாவற்றினும் அச்சொல்லே உயர்ந்ததாகத் தோன்றுகின்றது. அதன் காரணத்தைப் பின்னர்க் கூறுவேன். அவர் மத்திய சர்க்காரில் உயர்ந்த பதவிகளை வகித்து, பம்பாய்க்கு எதிரேயுள்ள நவசேவாத் துறைமுகம் உருவாவதற்குத் தலைமை தாங்கி, 1989இல் பத்மபூஷண் விருது பெற்றார். 1985இல் தம்மோடு ஒரே ஆண்டில் பணியேற்ற ஆர். என். மல்ஹோத்ராவை மணந்தார். 2018இல் தம் 91ஆம் வயதிற் காலமானார்.

இனி அயல்நாட்டுப் பணியை நோக்குவோம். முத்தம்மா அம்மையார் 1924இல் குடகு நாட்டு விராஜ்பேட்டையிற் பிறந்தார். ஒன்பது வயதில் தந்தையை இழந்தார். தாயார் விடாமுயற்சியோடு மக்களைப் படிக்கவைத்தார். 1915இல் நிறுவப்பட்ட சென்னைப் பெண்கள் கிறிஸ்துவக் கல்லூரியில் முத்தம்மா பயின்று தங்கப் பதக்கங்கள் பெற்றார். பின் மாகாணக் கல்லூரியில் எம்.ஏ. தேறி, 1949இல் இந்திய அயல்நாட்டுப் பணியிற் சேர்ந்த முதற் பெண்மணியானார். அவருடைய நேர்முகத் தேர்வில் நடந்ததைக் கேளுங்கள். அயல்நாட்டுப் பணி பெண்களுக்கு ஏற்றதன்று என்று கூறி அவரைத் தடுக்கக் குழுவினர் முயன்றனராம். அவரும் அஞ்சவில்லை. திருமணம் செய்துகொண்டால் பணியை விட்டு விலகுவதாக உறுதிமொழி எழுதி வாங்கப்பட்ட பின்னரே அவர் ஏற்றுக்கொள்ளப்பட்டார்.

இவ்விரண்டு செய்திகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஜில்லா நிர்வாகம் கேட்டவரிடம், "அயல்நாட்டுப் பணியே பெண்களுக்கு ஏற்றது" என்றனர். அயல்நாட்டுப் பணி கேட்டவரிடம், "அயல்நாட்டுப் பணி பெண்களுக்கு ஏற்றதன்று" என்றனர். எந்தக் கதவைப் பெண் தட்டுகிறாளோ அந்தக் கதவு அவளுக்கு உரியதன்று; மற்றொரு கதவே உரியது! "பெண்களுக்குப் பொருந்தாது" என்னும் வாதம் ஆராய்ந்து கண்ட முடிபன்று, மறுப்பதற்கு வேண்டியபொழுது எடுத்தாளும் சொல்லே என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை. இனி உங்களுள் யாரிடமேனும் எவரேனும் "இது உனக்குப் பொருந்தாது" என்று கூறினால், அவர் காட்டும் காரணத்தைக் கேளுங்கள்; அக்காரணம் நேற்று மற்றொருத்திக்கு எவ்வாறு சொல்லப்பட்டது என்பதையும் விசாரியுங்கள்.

முத்தம்மா அம்மையார் பாரிஸ், ரங்கூன், லண்டன் முதலிய நகரங்களிற் பணியாற்றினார். 1970இல் ஹங்கேரி நாட்டுக்கு இந்தியத் தூதரானார். அயல்நாட்டுப் பணியிலிருந்து தூதர் பதவிக்கு உயர்ந்த முதற் பெண்மணி அவரே. விஜயலட்சுமி பண்டிட் அம்மையார் 1947இலேயே சோவியத் நாட்டுக்குத் தூதராகச் சென்றாரல்லரோ என்று சிலர் வினவலாம். உண்மையே, 1953இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபைக்குத் தலைமை வகித்த முதற் பெண்மணியும் அவரே. ஆனால் அவர் தேசத்தலைவர்களுள் ஒருவராக இருந்து நியமிக்கப்பட்டவர். பரீட்சை எழுதி, கீழ்ப்படியிலிருந்து ஏறிச் சென்றவர் முத்தம்மா. முன்னது ஔவையாரின் வழி. பின்னது எந்தக் குடியானவர் மகளுக்கும் திறந்திருக்கும் வழி.

அவ்வழியிலும் முட்கள் இருந்தன. 1961ஆம் ஆண்டில் எழுதப்பட்ட பணிவிதிகளில், பெண் உத்தியோகஸ்தர் திருமணம் செய்யுமுன் அரசாங்கத்தின் அனுமதியை எழுத்து மூலம் பெறவேண்டும் என்றும், குடும்பப் பொறுப்பு அவருடைய வேலைக்கு இடையூறாகுமென்று தோன்றினால் அவரை விலகச் சொல்லலாம் என்றும், மணமான பெண் இப்பணியை உரிமையாகக் கோர இயலாது என்றும் கண்டிருந்தது. தமக்குரிய பதவியுயர்வு மறுக்கப்பட்டபொழுது, முத்தம்மா அம்மையார் தாம் பணியாற்றும் அரசாங்கத்தின்மீதே உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். வழக்கு நடக்கும்பொழுதே பதவியுயர்வு வந்துசேர்ந்தது. அதனால் மனு தள்ளுபடி செய்யப்பட்டது. ஆயினும் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் 1979 செப்டம்பரில் அளித்த தீர்ப்பு, அவ்விதிகளைக் கடுமையாகக் கண்டித்தது. குடும்பப் பொறுப்பு பெண்ணின் வேலைக்கு இடையூறாகுமெனின், ஆணின் வேலைக்கும் அஃது இடையூறாகலாமன்றோ என்று அவர் வினவினார். ஒவ்வொரு பெண்ணும் வழக்காடும்வரை காத்திராமல், எல்லாப் பணிவிதிகளையும் அரசாங்கமே சீர்திருத்தவேண்டுமென்றும் அறிவுறுத்தினார். அவ்விதிகளுள் ஒன்று 1973லேயே நீக்கப்பட்டிருந்தது; மற்றதையும் நீக்கப்போவதாக அரசாங்கம் நீதிமன்றத்தில் தெரிவித்தது. முத்தம்மா அம்மையார் கானா, நெதர்லாந்து ஆகிய நாடுகளிலும் தூதராயிருந்து, 1982இல் ஓய்வுபெற்றார். ஓசூருக்கு அண்மையிலுள்ள பெங்களூரில் 2009இற் காலமானார். அவர் இட்ட பாதையிலே, 2001இல் சோக்கிலா ஐயரும், 2009இல் நிருபமா ராவும் அயல்நாட்டுச் செயலாளர் பதவியை அடைந்தனர்.

சட்டம் எழுதப்பட்டது 1950இல். அது முத்தம்மா அம்மையாரின் பணிவிதிகளுக்குள் புகுவதற்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் சென்றன. அதுவும் தானாகப் புகவில்லை. ஒருத்தி வழக்காடினாள், ஒருவர் செவிசாய்த்தார். சட்டம் மட்டும் இருந்தாற் போதாது என்பதே நாம் கற்கும் இரண்டாவது பாடம்.

இப்பாடத்தை மனத்திற்கொண்டு ஆப்கானிஸ்தானத்தை நோக்குவோம். அந்நாட்டுப் பெண்மணிகள் பொதுவாழ்வில் இடம்பெற்றது 2001இற்குப் பின்னர்த்தான் என்று பலர் எண்ணுகின்றனர். அது தவறு. 1919 முதல் 1929 வரை ஆண்ட அமானுல்லா மன்னரின் காலத்தில், அவர் தேவியார் சுரையாவின் முயற்சியால் 1921இற் காபூலில் பெண்பள்ளி திறக்கப்பட்டது. 1928இல் மாணவியர் சிலர் துருக்கிக்கு மேற்படிப்புக்காக அனுப்பப்பட்டனர். 1929இல் கலகம் மூண்டு மன்னர் முடிதுறக்கவே, அப்பள்ளி மூடப்பட்டது. மீண்டும் 1964ஆம் ஆண்டு அரசியலமைப்பு பெண்களுக்கு இடமளித்தது. அடுத்த ஆண்டில் நால்வர் சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டனர். கூப்ரா நூர்ஜாய் என்னும் அம்மையார் சுகாதார மந்திரியானார். 1996இல் தாலிபான்கள் காபூலைக் கைப்பற்றியபொழுது அதுவும் போயிற்று. மூன்றாம் முறை, 2004ஆம் ஆண்டு அரசியலமைப்பு கீழ்ச்சபையின் 249 இடங்களுள் 68 இடங்களைப் பெண்களுக்கென ஒதுக்கியது. 2005இல் ஹபீபா சராபி பாமியான் மாகாணத்தின் கவர்னரானார். 2018இல் ரோயா ரஹ்மானி அமெரிக்காவுக்கும், 2019இல் அதேலா ராஜ் ஐக்கிய நாடுகள் சபைக்கும் தூதராகச் சென்றனர். 2017இல் நம் சென்னைப் பரங்கிமலையிலுள்ள இராணுவ அதிகாரிகள் பயிற்சிக் கழகத்திற்கே அந்நாட்டுப் பெண் அதிகாரிகள் பயிற்சி பெற வந்திருந்தனர். 2020 ஆகஸ்டில் பௌஜியா கூஃபி என்னும் அம்மையார் சுடப்பட்டுக் கையிற் காயமுற்றார். கட்டுப்போட்ட கையோடு அடுத்த மாதமே தோஹா நகரில் தாலிபான்களோடு சமாதானம் பேசும் குழுவில் அமர்ந்தார். இதனினும் சிறந்த தூதுத் துணிவு வேறெங்கே காணலாகும்?

2021 ஆகஸ்டு 15ஆம் நாள் காபூல் மீண்டும் வீழ்ந்தது. அடுத்த மாதமே பெண்களுக்குரிய உயர்நிலைப் பள்ளிகள் திறக்கப்படாமல் நின்றன. 2022 டிசம்பரில் பல்கலைக்கழகங்களும் அவர்களுக்கு அடைக்கப்பட்டன. மகளிர் நலத்துக்கென இருந்த மந்திரி காரியாலயத்தின் கட்டடம், மக்களின் ஒழுக்கத்தைக் கண்காணிக்கும் இலாகாவுக்குக் கொடுக்கப்பட்டது. நூறாண்டுக்குள் மூன்றுமுறை கதவு திறந்தது; மூன்றுமுறையும் அடைபட்டது. தகுதி இல்லாமையால் அடைபட்டதன்று. மூன்றாம் முறையில் எழுதிய சட்டமும் இருந்தது. ஆனால் சட்டத்தைக் காக்கும் நீதிமன்றமும் சட்டசபையும் ஒரே நாளில் ஆயுதத்தின்முன் சரிந்தன. அமானுல்லா காலத்துச் சீர்திருத்தமோ, அரண்மனையிலிருந்து ஊர்ப்புறம்வரை சென்றுசேருமுன்னரே முறிந்தது.

இதைக்கொண்டு அந்நாட்டு மக்கள் பெண்களின் முன்னேற்றத்தை வேண்டார் என்று முடிவுசெய்வது பெரும் பிழை. பள்ளிகள் மூடப்பட்ட பின்னும் வீடுகளின் உள்ளறைகளில் இரகசியமாகப் பெண்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தோர் பலர். அவர்களிற் பிடிபட்டோரும் உண்டு. வியன்னா நகரில் தூதராயிருந்த மனீஷா பக்தாரி என்னும் அம்மையார், ஆட்சி மாறிய பின்னரும் அதற்குப் பணியாது, தம் நாட்டுப் பெண்களுக்காகக் குரலெழுப்பி வந்தார். அனுப்பிய அரசாங்கம் அழிந்த பின்னும் தூதுரைத்தவர் அவர்.

நம் வீடுகளில் அடுப்புக் கூட்டுவதற்கு மூன்று கற்கள் வேண்டும். ஒன்று குறைந்தாலும் பானை கவிழும். பெண்கள் பொதுப்பணியில் நிலைபெறுவதற்கும் அவ்வாறே மூன்று வேண்டுமென்பது இவ்வரலாறுகளால் விளங்குகின்றது. முதலாவது தகுதி, அது ஔவையார் காலந்தொட்டே உள்ளது. இரண்டாவது சட்டம், அதனை நம் நாடு 1950இல் எழுதிக்கொண்டது. மூன்றாவது, அச்சட்டத்தைத் தம்முடையதென்று எண்ணிக் காக்கும் மக்கள். இம்மூன்றாம் கல்லே இடுவதற்கு அரியது. அரசாங்கம் அதனை உத்தரவினால் இடமுடியாது. வீடும் பள்ளியும் ஊரும் சேர்ந்தே இடவேண்டும்.

ஓசூர்ப்பக்கத்து மூதாட்டியின் சொல்லை நான் பெரிதாகக் கொண்ட காரணம் இதுவே. "அதிசயப் பிறவி" என்று நாம் வியக்கும் பெண்ணை நாளை எளிதில் ஒதுக்கிவிடலாம். அதிசயம் ஒருமுறை நிகழ்வது. "நம்மில் ஒருத்தி" என்று ஊர் ஏற்றுக்கொண்ட பெண்ணை ஒதுக்கினால், ஊரையே ஒதுக்கியதாக முடியும். இன்று ஓசூர்த் தொழிற்சாலைகளிலே ஆயிரக்கணக்கான இளம்பெண்கள், சுற்றுக் கிராமங்களிலிருந்தும் தொலைமாவட்டங்களிலிருந்தும் வந்து வேலை செய்கின்றனர். உயர்ந்த பதவிகளைச் சில பெண்கள் அடைவதால் இவர்களுக்கு என்ன பயன் என்று சிலர் கேட்பதுண்டு. கேள்வி நியாயமானதே. ஒரு பெண் தூதரானதாற் பிறபெண்களின் கூலி உயர்ந்துவிடாது. ஆயினும், முறையீடு கேட்கும் நாற்காலியில் தம்மைப் போன்ற ஒருத்தி அமர்ந்திருக்கக் கண்டவள், முறையிடவும் அஞ்சமாட்டாள்; தன் மகளை அந்நாற்காலிக்கு அனுப்பவும் தயங்கமாட்டாள். அப்பயன் சிறிதன்று.

நம் கல்லூரி ஆடவர்க்கும் இதிற் பங்குண்டு. நாளை நீங்கள் நேர்முகத் தேர்வுக் குழுவிலும், விதிகள் எழுதும் மேசையிலும் அமர்வீர்கள். "பெண்களுக்குப் பொருந்தாது" என்னும் சொல் உங்கள் நாவில் எழும்பொழுது, ஒரே காலத்தில் ஒருவருக்கு ஒன்றும் மற்றவருக்கு அதன் மறுதலையும் சொன்ன அப்பழைய குழுக்களை நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டில் தங்கையின் படிப்பை நிறுத்தும் பேச்சு எழும்பொழுதும் வாளாவிருத்தல் ஆகாது. மூன்றாம் கல் அங்கேதான் அசைகின்றது.

என்னைக் கேள்வி கேட்ட மாணவிக்கு இப்பொழுது என் விடையைத் திருத்திச் சொல்கின்றேன். கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்கொள்ள முடியும், அம்மா. ஆப்கானிஸ்தானத்தில் மூன்றுமுறை அவ்வாறு நேர்ந்தது. நம் நாட்டிலும் ஒரு கையாற் கொடுத்ததை மறுகையால் நிபந்தனையிட்டுத் தடுத்ததுண்டு. ஆகவே, சட்டம் இருக்கின்றதென்று உறங்கவேண்டா. அதனைப் படி, உனக்குரிய விதி எது, உன்னைத் தடுக்கும் விதி எது என்று அறிந்துகொள். பரீட்சைக்குச் செல். உனக்குப் பின்னே வருபவள் எளிதாக நுழையும்படி கதவைத் திறந்தே வைத்துச் செல். உன் ஊருக்கு ஒருகாலத்தில் ஒரு பெண் குதிரைமீது வந்து அதிகாரம் செலுத்தினாள் என்பதை உன் ஊர்ச் சிறுமியர்க்குச் சொல். அவர்கள் வியந்தால், அவளும் நம்மில் ஒருத்திதான் என்று மறவாமற் கூறு.